நல்ல நேரத்தில் வெளிக்கிட்ட வண்டில்

புத்தூரில் உதயகலாவுக்கு வாய்க்காறி என்று பெயர். பெயர் வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. முன்பள்ளியில் ஒரு பட்டாளம் பிள்ளைகளை மேய்க்கிறவளுக்கு வாயும் இல்லாவிட்டால் வேறு என்னதான் இருக்க வேண்டும்? தாய் இல்லாத வீட்டில் தகப்பன் சீவரத்தினத்தையும், அவருடைய வெங்காயத் தோட்டத்தையும், அவருடைய பஞ்சாங்கத்தையும் சின்ன வயதிலிருந்தே கட்டி இழுத்து வந்தவள் அவள். வாழ்க்கையில் அவள் வாயை மூடிக்கொண்டு பொறுத்தது ஒன்றே ஒன்றுதான். அது அவளுடைய கலியாணம்.

கலியாணம் என்றால் மாப்பிள்ளையில் குறை இல்லை. கீர்த்திகன் தங்கமான மனிதன். சுவிஸில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் வேலை. அகதியாகப் போனவன் என்பதால், அவன் கையில் உள்ள பயணப் புத்தகத்தோடு உலகத்தில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், பிறந்த நாட்டுக்கு மட்டும் வர முடியாது. ஆகவே தாலி கட்டியது சென்னையில். மூன்று கிழமை ஒரு வாடகை வீட்டில் குடும்பம் நடத்திவிட்டு அவன் அந்தப் பக்கம் போனான், இவள் இந்தப் பக்கம் வந்தாள். வரும்போதே ஆரணி வயிற்றில் வந்துவிட்டாள். ஆரணிக்கு இப்போது மூன்று வயதாகப் போகிறது. தகப்பன் பிள்ளையை இன்னும் தொட்டுப் பார்க்கவில்லை. இடையில் இரண்டு தரம் சென்னையில் சந்திப்பதாக இருந்தது. ஒரு தரம் பிள்ளைக்கு டெங்கு, மற்றத் தரம் அவனுக்கு லீவு இல்லை. இவர்களைச் சுவிஸுக்குக் கூப்பிடும் அலுவல் அங்கே ஏதோ ஒரு அரசாங்கக் கந்தோரில் கிடந்து இழுபடுகிறது. கேட்டால் பொறுத்திருங்கள் என்கிறார்களாம். சொல்வதற்கென்ன, கதிரையில் இருந்துகொண்டு சொல்கிறவனுக்கு வாய் வலிக்கவா போகிறது!

பிள்ளை பிறந்த கையோடு கீர்த்திகன் அதை இருத்தித் தள்ள ஒரு தள்ளுவண்டில் வாங்கி, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினான். நீல நிறம், மடக்கலாம், விரிக்கலாம், படுக்க வைக்கலாம், நிமிர்த்தலாம். ஆனால் சுவிஸ் தெருவுக்குச் செய்த சில்லு புத்தூர்ச் செம்பாட்டு மண்ணில் உருளுமா? ஒழுங்கையில் இறக்கினால் புதைந்து நின்றது. அதைப் பார்த்த சீவரத்தினம் சும்மா விடவில்லை. தோட்டத்து வரம்பில் நன்றாக ஓடுகிறது என்று கண்டுபிடித்து, வெங்காயப் பிடி ஏற்றினார். பிறகு வாழைக்குலை. ஒருநாள் உரப்பை.

“அப்பா! உது பிள்ளை வண்டில், உங்கடை மாட்டு வண்டில் இல்லை!” என்று உதயகலா கத்தினால், “பிள்ளை நித்திரைதானே, வண்டில் சும்மாதானே நிக்குது” என்பார். ஆரணி விழித்திருக்கும் நேரத்தில் மட்டும் அது ஆரணியுடையது. அவளும் லேசுப்பட்டவள் இல்லை. அதில் ஏறி இருந்து, தள்ளு என்றால் தள்ள வேண்டும். வீட்டு முற்றத்தைக்கூட நடந்து கடக்கமாட்டாள்.

இந்த முறை கீர்த்திகனுக்குப் பத்து நாள் லீவு கிடைத்தது. பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு ரிக்கற் போட்டு அனுப்பிவிட்டு, போனில் அவன் கேட்டது ஒன்றைத்தான்.

“இஞ்சேரும், எனக்கு ஒடியல் வேண்டாம், மிளகாய்த்தூள் வேண்டாம். அந்த வண்டிலை மட்டும் மறக்காமல் கொண்டு வாரும். பிள்ளையை அதிலை இருத்தி ஒருக்காலெண்டாலும் நான் தள்ளிக்கொண்டு போகோணும். அடுத்த தரம் பாக்கேக்கை அவள் அதுக்குள்ளை கொள்ளமாட்டாள்.”

“ஓம், கொண்டு வாறன்” என்றாள் உதயகலா. சாகிறதென்றாலும் அந்த வண்டிலோடுதான் சென்னையில் இறங்குவது என்று அன்றைக்கே முடிவெடுத்துவிட்டாள். உரப்பை மணம் போகும்வரை சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவினாள்.

பயண நாள் சனிக்கிழமை. அங்கேதான் கோதாரி தொடங்கியது. வீட்டிலிருந்து வெளிக்கிட வேண்டிய நேரம் அச்சொட்டாக ராகுகாலத்தில் விழுந்தது. “விமானத்தைக் கொஞ்சம் பிந்தி எடுக்கச் சொல்லேலாதோ?” என்று சீவரத்தினம் கேட்டார். பகிடிக்குக் கேட்கவில்லை, உண்மையாகத்தான் கேட்டார்.

அதற்கும் ஊரில் ஒரு வழி இருக்கிறது. ஆள் போகும் நேரம் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் வருகிற நல்ல நேரத்தில் ஆளுடைய சாமான் ஒன்றை வீட்டை விட்டு வெளியே அனுப்பி, போகிற வழியில் வேறொருவர் வீட்டில் வைத்துவிட வேண்டும். அதோடு பயணம் தொடங்கிவிட்டது என்று கணக்கு. பிறகு ஆள் ராகுவில் போனாலென்ன, எமகண்டத்தில் போனாலென்ன, போகிற வழியில் அந்தச் சாமானை எடுத்துக்கொண்டு போகலாம். அனுப்பிய சாமான் திரும்ப வீட்டுக்கு மட்டும் வரக்கூடாது.

உதயகலா விடியப் பிள்ளைக்குப் பால் கரைத்துக்கொண்டு வந்து பார்த்தால், விறாந்தையில் வண்டிலைக் காணவில்லை.

“அப்பா, வண்டில் எங்கை?”

“அது வெளிக்கிட்டுட்டுது பிள்ளை. நமசிவாயத்தின்ரை ஓட்டோவிலை ஏத்தி, மருதனார்மடத்திலை அக்கா வீட்டை அனுப்பிப் போட்டன். நல்ல நேரம், அமிர்தயோகம்.”

“உங்களுக்கு என்ன விசரே? அனுப்புறதெண்டால் ஒரு சீலையை, ஒரு செருப்பை அனுப்புறதுக்கு வண்டிலையே அனுப்புறது?”

“சீலைக்குச் சில்லு இருக்கே? ஓடுற சாமான் போனால்தான் பயணம் ஓடும்.”

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனாள். அதற்குள் ஆரணி எழும்பி, “என்ரை வண்டில் எங்கை?” என்று தொடங்கினாள். அந்த அழுகை கிணற்றடி, குசினி, உடுப்பு மாற்றுவது எல்லாவற்றையும் தாண்டி நீண்டது. அவளை இடுப்பில் காவிக்கொண்டே உதயகலா பையைக் கட்டினாள், தலை வாரினாள், கடைசியில் கைப்பையைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நின்றாள். பாஸ்போட் இரண்டையும் காணவில்லை.

அலுமாரியைக் கிளறினாள். தலையணையைப் புரட்டினாள். சாமிப்படத்துக்குப் பின்னால் கையை விட்டாள். இந்த விமானத்தை விட்டால் வேறு ரிக்கற் எடுக்க வேண்டும், அது எந்த நாளில் கிடைக்குமோ. அவனுக்கு இருக்கிறதே பத்து நாள். அவன் இந்நேரம் சென்னையில் இறங்கியிருப்பான். சீவரத்தினம் வாசலில் நின்று ஆறுதலாக வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

“என்ன பிள்ளை தேடுறாய்?”

“பாஸ்போட்! நேற்றுக் கைப்பைக்குள்ளை வைச்ச பாஸ்போட்!”

“அதுவும் விடியவே வெளிக்கிட்டுட்டுதே.”

“என்னது?”

“வண்டில் பிள்ளையின்ரை சாமான். உன்ரை சாமான் ஒண்டும் போகோணுமல்லோ. திருநீறு பூசி, வண்டிலின்ரை பின் பொக்கற்றுக்குள்ளை வைச்சு அனுப்பினனான். நீ ஏன் அந்தரப்படுறாய்?”

உதயகலா அந்த இடத்திலேயே குந்திவிட்டாள். தகப்பனை ஏசுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று அவளுக்கே தெரியவில்லை. முதலில் தலையில் அடித்தாள், பிறகு ஏசினாள்.

ஓட்டோ வந்தது. பை ஒரு பக்கம், சீவரத்தினம் ஒரு பக்கம், நடுவில் உதயகலா, அவளுடைய மடியில் அழுகிற ஆரணி. நமசிவாயம் திரும்பிப் பார்த்து, “அப்ப, எங்கை போறது?” என்றான்.

சீவரத்தினம் கொதித்து எழுந்தார். “பயணம் வெளிக்கிடேக்கை எங்கை போறாய் எண்டு கேக்கிறவன் மனிசனே? போன காரியம் விளங்குமே? இறங்கு பிள்ளை, ஒருக்கால் வீட்டுக்குள்ளை இருந்து தண்ணி குடிச்சிட்டு வருவம்.”

“நான் ஓட்டோக்காரன் ஐயா, கேக்காமல் எங்கை விடுறது?” என்று நமசிவாயம் முறைத்தான்.

“நமசிவாயம் அண்ணை, எடுங்கோ! மருதனார்மடம்! கெதியா!” என்று உதயகலா போட்ட சத்தத்தில் ஓட்டோ தானாகவே ஓடத் தொடங்கியது போலிருந்தது.

மருதனார்மடத்தில் சீவரத்தினத்தின் அக்கா, ஞானாம்பிகை மாமி வீட்டுப் படலை பூட்டிக் கிடந்தது. போன் எடுத்தால் மணி வீட்டுக்குள்ளேயிருந்து கேட்டது. மாமி வெளியே போகும்போது போனைக் கொண்டு போகமாட்டா. தொலைந்துவிடுமாம். பக்கத்து வீட்டுப் பெண் மதிலுக்கு மேலால் தலையை நீட்டி, “மாமி ஆஞ்சநேயர் கோயிலடிக்குப் போட்டா. பிள்ளை வண்டிலையும் தள்ளிக்கொண்டெல்லோ போனவ” என்றாள்.

சனிக்கிழமை ஆஞ்சநேயர் கோயிலடி எப்படி இருக்கும் என்று கேட்கத் தேவையில்லை. சந்தைக்கு வந்த சனமும் கோயிலுக்கு வந்த சனமும் ஒன்றாகக் கலந்து, ஓட்டோ ஓரடி நகர மறுத்தது. உதயகலா பிள்ளையைத் தூக்கி இடுப்பில் போட்டுக்கொண்டு இறங்கி ஓடினாள். மரக்கறிக் கூடை, தேங்காய்க் குவியல், வாழைக்குலை சார்த்திய லொறி என்று எல்லாவற்றையும் விலத்திக்கொண்டு கோயில் வாசலுக்கு வந்தவள், தன் கண்ணைத் தானே நம்பவில்லை.

வாசலில் ஒரு புது வானும் ஒரு மோட்டார் சைக்கிளும் பூசைக்கு நின்றன. அவை இரண்டுக்கும் நடுவில் அவளுடைய வண்டில் நின்றது. கைபிடியில் செவ்வந்தி மாலை. முன்பக்கத்தில் சந்தனமும் குங்குமமும். ஒவ்வொரு சில்லுக்கு முன்னாலும் ஒரு தேசிக்காய். ஐயர் மணி அடித்துக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மாமி கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றா.

“மாமி!”

“வா மேனை, நல்ல நேரத்துக்கு வந்தாய்” என்று மாமி கண்ணைத் திறந்தா. “இதுவும் வாகனம்தானே. கடல் கடந்து போற வாகனம். ஒரு பூசை செய்யாமல் அனுப்பலாமே?”

உதயகலா பாய்ந்துபோய் பின் பொக்கற்றுக்குள் கையை விட்டாள். பாஸ்போட் இரண்டும் திருநீறோடு இருந்தன. அந்தக் கணத்தில் அழுகை வந்துவிட்டது. ஆனால் அழுவதற்கு நேரம் எங்கே?

“இனித் தேசிக்காய்க்கு மேலாலை ஏத்தி எடுக்கோணும் பிள்ளை” என்றார் ஐயர். வான் ஏறியது, தேசிக்காய் சப்பளிந்தது. மோட்டார் சைக்கிள் ஏறியது, அதுவும் சப்பளிந்தது. உதயகலா வண்டிலைத் தள்ளினாள். தேசிக்காய் அசையவே இல்லை, வண்டில்தான் குடைசாயப் பார்த்தது. “பாரம் காணாது, பிள்ளையை ஏத்து” என்றா மாமி. வண்டிலைக் கண்ட ஆரணி சிரித்துக்கொண்டு ஏறி இருந்தாள். மறுபடி தள்ளினாள். பின்னால் வந்து சேர்ந்த சீவரத்தினமும் ஒரு கை போட்டார். சனம் கூடி நின்று புதினம் பார்த்தது. “ஒரு பக்கமா சரிச்சு எடு தங்கச்சி” என்று தேங்காய் விற்கிறவர் புத்தி சொன்னார். உதயகலாவுக்குத் தலைக்கு ஏறியது. பிள்ளையோடு சேர்த்து வண்டிலை இரண்டு கையாலும் அப்படியே தூக்கி, நாலு தேசிக்காயையும் தாண்டி அந்தப் பக்கம் வைத்தாள்.

“ஆஞ்சநேயர் மலையைத் தூக்கினவர். அவருக்கு இது விளங்கும். வாங்கோ அப்பா, போவம்!”

ஐயரே சிரித்துவிட்டார். ஓட்டோவில் ஏறும்போது மாமி வண்டிலின் மெத்தையைத் தடவி, “கவனமாக் கொண்டு போ மேனை” என்று இரண்டு தரம் சொன்னா. ஏன் சொல்லுறா என்று அப்போது யோசிக்க உதயகலாவுக்கு மூளை மிச்சம் இருக்கவில்லை.

விமான நிலையத்தில் சீவரத்தினத்தை வாசலோடு மறித்துவிட்டார்கள். பயணிகள் மட்டும்தான் உள்ளே போகலாம். அவ்வளவு நேரமும் நேரம் காலம் என்று உயிரை எடுத்த மனிதர், மகளுடைய முகத்தைப் பார்க்காமல் ஆரணியின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். “கீர்த்தித் தம்பியை நான் சுகம் கேட்டதெண்டு சொல்லு” என்றார். உதயகலாவுக்குக் காலையில் ஏசியதெல்லாம் நெஞ்சில் குத்தியது. “போட்டு வாறன் அப்பா, மாத்திரையை நேரத்துக்குப் போடுங்கோ” என்று மட்டும் சொன்னாள்.

உள்ளே பையைக் கொடுத்தாயிற்று. ஆரணியை இறக்கி, வண்டிலை ஸ்கான் மெசினுக்குள் விட வேண்டும் என்றார்கள். இறங்குவாளா? “நடக்க மாட்டன்!” என்று கத்தி நிலத்தில் விழுந்து புரண்டாள். மெசினுக்கு அந்தப் பக்கம் நின்ற பாதுகாப்புப் பெண் திரையை உற்றுப் பார்த்தாள். வண்டிலைத் திரும்ப அனுப்பினாள். மறுபடி பார்த்தாள்.

“இதுக்குள்ளை என்ன இருக்கு?”

“எதுக்குள்ளை? அது மெத்தை.”

“மெத்தைக்குள்ளை?”

மெத்தை உறையின் சிப்பை இழுத்துத் திறந்தால், பஞ்சை எடுத்துவிட்ட இடத்தில் தட்டையாக, அழகாக, பொலித்தீனுக்கு மேல் பொலித்தீன் சுற்றிய மிளகாய்த்தூள். வறுத்து இடித்தது. மேலே பேனையால் எழுதிய ஒரு துண்டு: கீர்த்தித் தம்பிக்கு, அன்புடன் மாமி. பாதுகாப்புப் பெண் மணந்து பார்த்துவிட்டு ஒரு தும்மல் போட்டாள். பக்கத்தில் நின்றவனும் போட்டான்.

“சத்தியமா எனக்குத் தெரியாது தங்கச்சி. ஐயோ, இந்தக் கிழடுகள் என்னைக் கொல்லப் பிறந்ததுகள்!”

“தூளைக் கையிலை கொண்டுபோக விடேலாது அக்கா. விட்டிட்டுப் போங்கோ.”

“தாராளமா விடுறன். வண்டிலை விடுங்கோ, காணும்.”

தூள் குப்பைப் பெட்டிக்குள் போனது. புகையில் இருமி இருமி மாமி வறுத்த தூள். அதை எண்ண ஒரு பக்கம் பாவமாகவும் இருந்தது, மறுபக்கம் கழுத்தை நெரிக்க வேண்டும் போலவும் இருந்தது.

விமானத்தடியில் இன்னொரு சோதனை. சின்ன விமானம், வண்டிலை உள்ளே ஏற்ற முடியாது, படியடியில் கொடுத்துவிட வேண்டும் என்றார்கள். “சென்னையிலை கிடைக்குமே?” “கிடைக்கும் அக்கா.” “உண்மையாக் கிடைக்குமே?” “கிடைக்கும்.” இருக்கையில் இருந்து யன்னலால் எட்டிப் பார்த்தாள். எல்லாப் பையும் ஏறிவிட்டது. வண்டில் மட்டும் செவ்வந்தி மாலையோடு வெயிலில் தனியே நின்றது. ஒருவன் வந்தான், அதைப் பார்த்தான், மடக்கத் தெரியாமல் அதோடு மல்லுக்கட்டினான், விட்டுவிட்டுப் போனான். உதயகலா மணியை அமத்தினாள். “அது ஏறாமல் விமானம் எடுத்தீங்களெண்டால் நான் இறங்கிடுவன்” என்றாள். விமானப் பணிப்பெண் பயந்துபோய் கீழே சத்தம் போட்டாள். விரித்தபடியே தூக்கி ஏற்றினார்கள். அதற்குப் பிறகுதான் அவள் பெல்ற்றைக் கட்டினாள். ஆரணி சென்னை வரும்வரை வண்டில் கேட்டு அழுதாள்.

சென்னையில் வண்டில் கிடைத்தது. மாலை பிய்ந்துபோயிருந்தது, மற்றப்படி பழுதில்லை. உதயகலா முதல் வேலையாகக் குங்குமத்தைத் துடைத்தாள். பஞ்சில்லாத மெத்தைக்குள் தன் சால்வையை மடித்துத் திணித்தாள். ஆரணியின் முகத்தைக் கழுவி, பவுடர் போட்டு, பின்னலைத் திருப்பிக் கட்டி, புதுச் சட்டை மாற்றி, வண்டிலில் அரசிபோல இருத்தினாள். அப்பா வெளியில் நிற்கிறார், அப்பாதான் தள்ளுவார் என்று காதுக்குள் சொன்னாள். ஆரணி தலையை ஆட்டினாள். அவளுக்கு அப்பா என்றால் போனுக்குள் இருக்கிற சின்ன முகம்.

வெளியே கம்பித் தடுப்புக்குப் பின்னால் கீர்த்திகன் நின்றான். போனில் தெரிந்ததைவிட மெலிந்திருந்தான், தலை முன்பக்கம் வழுக்கை விழுந்திருந்தது. உதயகலாவைக் கண்டு சிரித்தான், பிறகு குனிந்து பிள்ளையைப் பார்த்தான். தொடக் கையை நீட்டிவிட்டு, தொடாமல் எடுத்துக்கொண்டான். பின்பக்கம் வந்து வண்டிலின் கைபிடியைப் பிடித்தான். உதயகலா தன் கையை எடுத்து வழி விட்டாள்.

அவன் நாலடி தள்ளியிருப்பான். ஆரணி தலையை நிமிர்த்திப் பின்னால் பார்த்தாள். தாயுடைய முகம் இருக்க வேண்டிய இடத்தில் வேறொரு முகம். வண்டில் வாரைத் தானே கழற்றினாள். சறுக்கிக் கீழே இறங்கினாள். ஓடிவந்து உதயகலாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். காலையிலிருந்து நடக்கமாட்டேன் என்று ஊரைக் கூட்டியவள், இப்போது ஒரு சத்தமும் இல்லாமல், வடிவாக, நேராக நடந்தாள்.

கீர்த்திகன் வெறும் வண்டிலைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் வந்தான்.

“அம்மா” என்றாள் ஆரணி. “உந்த மாமா ஏன் என்ரை வண்டிலைத் தள்ளுறார்?”

உதயகலா வாயைத் திறந்தாள். கீர்த்திகன் வேண்டாம் என்று தலையசைத்தான். பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து, “ஓம் குஞ்சு, மாமா தள்ளிக்கொண்டு வாறன். நீங்கள் பாத்து நடவுங்கோ” என்றான்.

விடியத் தொடங்கி எல்லாரிலும் எரிந்து விழுந்துகொண்டு வந்த உதயகலாவுக்கு, அந்த நேரம் ஏசுவதற்கு ஒருவரும் கிடைக்கவில்லை.